தட்டிப் பார்ப்பதற்கு முன் தடவிப் பாருங்கள்: கையால் வாசிக்கும் தோல்கருவி வாங்குகிறவர்களுக்கு

நான் முதன்முதலில் வாங்கிய ஜெம்பே (மேற்கு ஆப்பிரிக்காவின் கிண்ண வடிவக் கைமுழவு) பார்க்க அவ்வளவு அம்சமாக இருந்தது. கன்னங்கரேலென்று பாலிஷ், பாதத்தைச் சுற்றிச் சித்திர வேலை, இறுக்கிக் கட்டிய சிவப்புக் கயிறு. கடையில் நாலு தட்டுத் தட்டினேன், கும்மென்று கேட்டது, தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நாலு மாதம் கழித்து, நல்ல வெயில் காலத்தில், வாசித்துக்கொண்டிருக்கும்போது ஏதோ ‘கிர்ர்’ என்றது. துடைத்துப் பார்த்தால் வாய் விளிம்பிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குத் தலைமுடி போல ஒரு கோடு. நகத்தால் சுரண்டினேன். பாலிஷ் உரிந்தது, அதற்கடியிலிருந்து பசையில் குழைத்த மரத்தூள் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. விரிசல் அன்றைக்கு வந்ததில்லை, நான் வாங்கும்போதே இருந்திருக்கிறது. பழைய வண்டிக்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பார்களே, அந்த வேலையை யாரோ செய்துவைத்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து எந்தக் கருவியையும் எடுத்தவுடன் தட்டுவதில்லை. தோல் கிழிந்தால் மாற்றலாம், கயிறு நைந்தால் மாற்றலாம், தோலைப் பிடித்திருக்கும் இரும்பு வளையம் வளைந்தால் அதையும் மாற்றலாம். மரத்தை மாற்ற முடியாது. ஆனால் கடையில் நம் காதில் விழுவது பெரும்பாலும் தோலின் சத்தம்தான். அது இன்றைக்கு ஒரு மாதிரி, மழை பெய்தால் வேறு மாதிரி. அதை வைத்து மரத்தைத் தேர்ந்தெடுப்பது சட்டையைப் பார்த்து ஆளை எடைபோடுகிற கதை. அதனால் முதலில் கண், பிறகு கை, காது கடைசியில்.

ஜெம்பேயை மையமாக வைத்துத்தான் எழுதுகிறேன். மேலே தோல் போர்த்தியது கிண்ணம், அதற்குக் கீழே குழாய், குழாயின் திறந்த அடிப்பக்கம் பாதம். புதிதாக வருகிறவர்கள் அதிகம் வாங்குவதும் ஏமாறுவதும் அதில்தான். மற்றவற்றைப் பின்னால் பார்ப்போம். கையில் ஒரு சின்ன டார்ச், ஒரு அளவு நாடா, ஒரு வெள்ளைத்தாள் இருக்கட்டும்.

மரம்

முதலில் தூக்கிப் பாருங்கள். 30 செ.மீ.க்கு மேல் வாய் அகலமும் 60 செ.மீ. அளவு உயரமும் உள்ள முழு அளவு ஜெம்பே, நல்ல கடினமரத்தில் குடைந்ததாக இருந்தால், ஏழெட்டுக் கிலோவாவது இருக்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் லெங்கே, துகுரா போன்ற மரங்களில் குடைகிறார்கள். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வருபவை பெரும்பாலும் மகாகனி அல்லது பலா. மகாகனி என்பதாலேயே மட்டம் என்று சொல்ல மாட்டேன், கற்றுக்கொள்ள அது போதும். ஆனால் அந்த அளவுள்ள கருவி பொம்மை மாதிரி லேசாக இருந்தால் மரம் மென்மையானது, விளிம்பு சீக்கிரம் நசுங்கும். அளவுக்கு மீறிக் கனத்தால் அதுவும் நல்லதில்லை. ஒன்று, உள்ளே சரியாகக் குடையாமல் சுவரைத் தடியாக விட்டிருப்பார்கள். இல்லையென்றால் மரம் இன்னும் ஈரம்.

ஈர மரம்தான் பின்னால் வெடிக்கிற மரம். பாதத்தின் பக்கம் மூக்கை வைத்து மோந்து பாருங்கள். காய்ந்த மரத்தின் வாசனை ஒன்று, பூசணம் பிடித்த நெடி ஒன்று, குழப்பமே வராது. உள்ளங்கையை உள்ளே வைத்தால் ஈர மரம் சில்லென்று இருக்கும். உட்சுவரில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூசணம் தெரிந்தால் வேறு கருவியைப் பாருங்கள். மரவேலைக்காரர்கள் வைத்திருக்கும் ஊசி வைத்த ஈரமானி கிடைத்தால் பாதத்தின் உட்பக்கத்தில் குத்திப் பார்க்கலாம்; 12 சதவீதத்துக்குள் காட்டினால் நிம்மதி.

அடுத்து விரிசல். இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். கருவியைப் படுக்கப்போட்டு, முடிந்தால் விளக்கை அணைத்துவிட்டு, பாதத்தின் வழியாக டார்ச்சை உள்ளே விடுங்கள். வெளியே மெதுவாக உருட்டிக்கொண்டே பாருங்கள். எங்கேயாவது ஊசிமுனை அளவுக்கு ஒளி கசிந்தால் அது சுவரைத் துளைத்த விரிசல். ஒளி கசியாத விரிசலும் உண்டு. அதற்கு விரல் வேண்டும். மரத்தின் ரேகை மேலிருந்து கீழாக ஓடும், விரிசலும் அதே திசையில்தான் வரும். எனவே விரலைக் குறுக்கே ஓட்டுங்கள். கோடு ஏதாவது தட்டுப்பட்டால் நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். அடைத்த இடத்தில் ரேகை இருக்காது, மழமழவென்று வேறு நிறத்தில் ஒரு பட்டை ஓடும். எண்ணெய் தடவிய கருவியில் இது இன்னும் நன்றாகத் தெரியும்: மரம் எண்ணெயைக் குடித்துக் கறுக்கும், பசை குடிக்காது. கனமாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்த கருவி என்றால் எனக்கு இப்போதெல்லாம் முதலிலேயே சந்தேகம் வந்துவிடும். நல்ல மரத்தை யாரும் மூடி மறைப்பதில்லை.

எல்லா விரிசலும் ஒன்றில்லை. பாதத்தின் அடியில், மரம் குறுக்கே வெட்டுப்பட்ட முகத்தில், இரண்டு மூன்று மயிரிழைக் கோடுகள் இருப்பது சகஜம். அவற்றுக்காகக் கருவியை ஒதுக்க வேண்டாம். கிண்ணப் பகுதியின் நடுவில் சிறியதாக ஒன்று இருந்து, அதைச் சுத்தமாக ஒட்டி, ‘இங்கே ஒட்டியிருக்கிறேன்’ என்று விற்பவரே காட்டினால் அதையும் ஏற்கலாம். ஒட்டிய மரம் பல வருஷம் தாங்கும். வாய் விளிம்பில் தொடங்கிக் கீழே இறங்குகிற விரிசல் மட்டும் கூடவே கூடாது. தோலின் இழுவை முழுக்க அந்த விளிம்பில்தான் உட்கார்கிறது. ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் அது அகலும். கிண்ணமும் குழாயும் சேரும் கழுத்தில், சுற்றுவாட்டத்தில் ஓடும் விரிசலும் அதே ரகம்தான். கீழே விழுந்த கருவிகளில் அதைப் பார்க்கலாம்.

இன்னொன்று: ஈரக் காற்றடிக்கும் மாதங்களில் மரம் ஊதிக்கொள்ளும், விரிசல் தானாகவே வாயை மூடிக்கொள்ளும். டார்ச் வெளிச்சத்துக்கும் அகப்படாது. என் ஜெம்பேயை நான் வாங்கியது அப்படி ஒரு மழைநாளில். முடிந்தால் வறண்ட பருவத்தில் வாங்குங்கள்.

வண்டு அரிப்பைப் பார்க்க வெள்ளைத்தாள். கருவியைத் தாளின்மேல் நிறுத்தி, பக்கவாட்டில் உள்ளங்கையால் நாலைந்து முறை அறையுங்கள். குண்டூசி அளவு ஓட்டைகளிலிருந்து மாவு மாதிரி வெளிர் தூள் கொட்டினால் உள்ளே பூச்சி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. தூள் இல்லாமல், ஓரம் கறுத்துப்போன பழைய ஓட்டை இரண்டு மூன்று இருந்தால் பாதகமில்லை. உளுத்த மரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாலே சொல்லிவிடும்.

கடைசியாகக் கையை உள்ளே விட்டுத் தடவுங்கள். உளிப்பட்ட வடுக்கள் சுருள் சுருளாக இருந்தால் அது குறையில்லை, கையால் குடைந்தது என்று அர்த்தம். சிம்பு சிம்பாகக் குத்துவதும் ஒரு பக்கம் தடியாக மறுபக்கம் மெல்லிசாக இருப்பதும்தான் குறை. பாதத்தில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே சுவரைப் பிடித்தபடி ஒரு சுற்றுச் சுற்றினால் கையே சொல்லும். கிண்ணத்தில் அப்படிப் பிடிக்க முடியாது. அங்கே வெளிப்பக்கம் விரல்கணுவால் சுற்றிலும் தட்டி, சத்தம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கேளுங்கள்.

வாய் விளிம்பு

கருவியின் மூக்கும் முழியும் இதுதான், ஆனால் தோலுக்கடியில் ஒளிந்திருப்பதால் வாங்குகிறவர்கள் பார்ப்பதே இல்லை. விளிம்பு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், வட்டமாக இருக்க வேண்டும், உருண்டு இருக்க வேண்டும்.

தோல் கட்டாத கருவி கிடைத்தால் அதிர்ஷ்டம். சமதளமான கண்ணாடியின்மேல் கவிழ்த்து, உள்ளே டார்ச்சைப் போட்டுவிட்டு, சுற்றி வாருங்கள். அடியில் ஒளி கசிகிற இடமெல்லாம் பள்ளம். தோல் கட்டிய கருவியாக இருந்தால் கண்ணை விளிம்பின் மட்டத்துக்கு இறக்கி, எதிர்விளிம்பைக் குறிபார்த்தபடி கருவியைச் சுற்றுங்கள். மேடு பள்ளம் இருந்தால் தோலின் ஓரம் அலை அலையாகத் தெரியும். பிறகு நாடாவால் வாயை நாலு திசையில் அளந்து பாருங்கள். மூன்று நாலு மில்லிமீட்டர் வித்தியாசம் கையால் குடைந்த கருவியில் இருக்கும், விட்டுவிடலாம். ஒரு செ.மீ.க்கு மேல் போனால் அது வட்டமில்லை, முட்டை. வளையமும் ஒழுங்காக உட்காராது.

உருட்சியைக் கை சொல்லும். விளிம்பில் உங்கள் விரல்கள் தொடங்குமிடம் படுகிற மாதிரி வைத்து, ஒரு நிமிஷம் விடாமல் தட்டுங்கள். கூர்விளிம்பு கணுவில் சுள்ளென்று ஏறும். புதிதாகக் கற்கிறவர்கள் இந்த வலியைத் தங்கள் கையின் பழக்கமின்மை என்று நினைத்துப் பொறுத்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் உண்மைதான், ஆனால் முதல் நிமிஷத்திலேயே எலும்பில் வலித்தால் பழி கருவிமேல். கூர்விளிம்பு தோலையும் அறுக்கும். நல்ல வேளையாக, தோலைக் கழற்றி அரத்தாலும் உப்புத்தாளாலும் இதைச் சரிசெய்ய முடியும். பள்ளத்தையும் ஓரளவு எடுக்கலாம். முட்டை வடிவத்தை ஒன்றும் செய்ய முடியாது.

தோல்

ஜெம்பேக்கு ஆட்டுத்தோல், காங்கா என்கிற உயரமான பீப்பாய் முழவுக்கு மாடு அல்லது எருமை. ஜெம்பேயின் தோலில் நடுவே கொஞ்சம் கருமையாக ஒரு கோடு ஓடும். அது ஆட்டின் முதுகெலும்புக் கோடு. அது வட்டத்தின் மையத்தின் வழியாகப் போனால் இரண்டு பக்கமும் தோல் ஏறக்குறைய ஒரே தடிமனாக இருக்கும். ஓரமாக ஒதுங்கியிருந்தால் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து, சுருதி சேர்க்கும்போது அடம்பிடிக்கும்.

பழைய டார்ச் வித்தையையே இங்கேயும் செய்யுங்கள். வெளிச்சத்தை உள்ளிருந்து தோலுக்கு நேராகப் பிடித்தால் தோல் விளக்குக்கூண்டு மாதிரி ஒளிரும். மெலிந்த இடம் அதிகப் பிரகாசமாக, பழைய காயத்தின் தழும்பு கறுப்பாக, உரிக்கும்போது கத்தி பட்ட கீறல் வெள்ளைக் கோடாகத் தெரியும். நடுவில் இருக்கும் தழும்பு வெறும் அழகுக்குறை. வளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கீறலுக்குத்தான் பயப்பட வேண்டும். கிழிசல் அங்கிருந்துதான் கிளம்பும். சலவை செய்த மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும் தோல் பெரும்பாலும் ரசாயனத்தில் வெளுக்கவைத்தது, சீக்கிரம் காய்ந்து விட்டுப்போகும்.

இதையெல்லாம் சொன்னாலும், மரம் நன்றாக இருந்து தோல் மட்டும் மோசமாக இருந்தால் நான் வாங்கிவிடுவேன். விலையைக் குறைத்துக் கேட்க அதைவிட நல்ல காரணம் வேண்டாம். ஆனால் ரோமத்தோடு எங்கிருந்தோ வந்த பச்சைத்தோலை வாங்கி, வீட்டில் நீங்களே வழித்துத் தேய்த்துக் கட்டலாம் என்று மட்டும் கிளம்ப வேண்டாம். பதப்படுத்தாத தோலின் தூசியில், கால்நடைகளிலிருந்து மனிதருக்குத் தொற்றும் கொடிய நோயான ஆந்த்ராக்ஸின் கிருமி இருக்கக்கூடும். 2006இல் நியூயார்க்கிலும் 2008இல் லண்டனிலும் இறக்குமதித் தோலில் முழவு செய்துகொண்டிருந்தவர்களுக்கு அது தொற்றியது. லண்டன்காரர் இறந்தே போனார். கட்டி முடித்த கருவியை வாசிக்கிறவர்களுக்கு இந்த ஆபத்து மிகவும் குறைவு.

கயிறும் வளையமும்

மேல்வளையம் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று விரல்கடை கீழே, சுற்றிலும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். விளிம்போடு ஒட்டி நின்றால் கை இரும்பில் மோதும். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நின்றால் தோலை அவசரத்தில் கட்டியிருக்கிறார்கள். வளையத்தின் பற்றவைத்த இடத்தைத் தேடிப் பாருங்கள், அது விட்டால் எல்லாம் விட்டது. கயிறுகளுக்கு நடுவே வளையம் வெளிப்பக்கம் பிதுங்கினால் கம்பி மெல்லிசு.

கயிறு இழுத்தால் நீளாத பாலியஸ்டராக, 4 அல்லது 5 மி.மீ. தடிமனில் இருந்தால் நல்லது. கருவியைச் சுற்றி நெடுங்கயிறுகள் ஓடும். அவற்றை இரண்டிரண்டாகக் குறுக்கே பின்னி இழுத்துத்தான் சுருதி ஏற்றுவார்கள். புதுக் கருவியில் அந்தக் குறுக்குப் பின்னல் ஏற்கெனவே இரண்டு மூன்று வரிசை ஏறியிருந்தால், நெடுங்கயிற்றைத் தளர்வாகக் கட்டிவிட்டுப் பின்னலால் ஈடுகட்டியிருக்கிறார்கள். நாளைக்கு நீங்கள் இறுக்க இடமே இருக்காது. பின்னல் குறைவாகவும் சத்தம் இறுக்கமாகவும் இருப்பதுதான் நல்ல கட்டு.

இப்போது தட்டலாம்

தரையில் நிறுத்தி வைத்துத் தட்டாதீர்கள். பாதத்தின் வாய் அடைபட்டுக் கும்மென்ற அடிநாதம் வெளியே வராது. நாற்காலியில் உட்கார்ந்து, தொடைகளுக்கு நடுவே கொஞ்சம் முன்பக்கம் சாய்த்து, அடிவாய் திறந்திருக்கும்படி பிடியுங்கள்.

விளிம்பிலிருந்து ஓரிரண்டு விரல் உள்ளே, ஒற்றை விரலால் சுற்றிலும் எட்டு இடத்தில் தட்டுங்கள். சத்தம் ஏறி இறங்கினால் இழுவை சமமாக இல்லை. அது பெரும்பாலும் கயிற்றில் சரியாகும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் ‘தொப்’பென்று செத்துப்போனால் விளிம்பில் பள்ளம் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள்.

பிறகு நடுவில் உள்ளங்கையால் கும், விளிம்பில் விரல்களைச் சேர்த்து டும், விரல்களைத் தளர்த்திச் சொடுக்கிப் பட். இந்த மூன்றும் மூன்றாகத் தனித்துக் கேட்க வேண்டும். உங்களுக்கு வாசிக்க வராதென்றால் கடைக்காரரை வாசிக்கச் சொல்லிவிட்டு நாலடி தள்ளி எதிரில் நில்லுங்கள். வாசிக்கிறவருக்குக் கேட்பதைவிட எதிரில் நிற்பவருக்குத்தான் அடிநாதம் சரியாகக் கேட்கும்.

‘கிர்ர்’ என்றோ ‘ஜிர்ர்’ என்றோ ஒரு ஒட்டுச்சத்தம் வந்தால் அதைத் துரத்திப் பிடிக்க வேண்டும். ஒரு கையால் தட்டிக்கொண்டே மறுகையால் ஒவ்வொரு இடமாக அழுத்துங்கள்: கயிற்றின் தொங்கும் நுனி, முடிச்சு, அலங்காரத் தகடு, வளையம், கடைசியில் மரம். எதை அழுத்தும்போது நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. கயிற்று நுனி என்றால் கத்தரித்தால் போயிற்று. மரத்தை அழுத்தும்போது நின்றால் கருவியைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

மற்ற கருவிகள்

காங்கா பெரும்பாலும் பலகைகளைப் பீப்பாய் போலச் சேர்த்துச் செய்வது. பலகைகளுக்கு நடுவே இருக்கும் இணைப்புக் கோடுகளில் இடைவெளி இருக்கிறதா என்று டார்ச்சால் பாருங்கள். பிறகு ஒவ்வொரு இறுக்கு திருகையும் அரைச் சுற்று தளர்த்தி, மறுபடி இறுக்கிப் பாருங்கள். ஒன்று சிக்கினாலோ சும்மா சுற்றினாலோ மரை போய்விட்டது. போங்கோ என்கிற சின்ன இரட்டை முழவில் இரண்டு கருவிகளையும் இணைக்கும் நடுக்கட்டையின் போல்ட்டைச் சுற்றித்தான் மரம் பிளக்கும்.

மேலே உட்கார்ந்து முகப்பலகையைக் கையால் தட்டும் கஹோன் வெறும் பெட்டிதானே என்று நினைக்க வேண்டாம். மேலே உட்கார்ந்து இடுப்பை ஆட்டுங்கள்; கிரீச்சிட்டால் மூலையில் பசை பிடிக்கவில்லை. முகப்பலகை மூன்று மில்லிமீட்டர் சுமாருக்கு மெல்லிய ஒட்டுப்பலகையாக, மற்ற சுவர்கள் அதைவிட மூன்று நாலு மடங்கு தடிமனாக இருக்க வேண்டும். பின்பக்கத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் சமமாக வர வேண்டும். நடுவில் தட்டியதும் உள்ளிருக்கும் கம்பிகள் சலங்கை மாதிரி ஒரு நொடி சிலிர்த்து அடங்க வேண்டும். அடங்காமல் இரைந்துகொண்டே இருந்தால் கம்பியைச் சரிசெய்ய வழி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். நான் பார்த்த ஒரு கஹோனில் திருகாணியின் முனை உட்கார்கிற இடத்தில் துருத்திக்கொண்டிருந்தது. அதை என் கால்சட்டைதான் கண்டுபிடித்தது.

தர்புகா (மத்திய கிழக்கின் கிண்ண வடிவ முழவு) வார்ப்பு அலுமினியம் என்றால் விளிம்பில் ஊசிக்குழிகளையும் பிசிறையும் பாருங்கள். மண்ணால் செய்தது என்றால் விரல்கணுவால் தட்டுங்கள். பானை வாங்குகிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ‘ணங்’ என்றால் நல்லது, ‘தட்’ என்றால் விரிசல். வளையச் சட்டத்தில் தோல் போர்த்த கருவிகளை மேஜைமேல் கவிழ்த்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் சட்டம் முறுக்கிக்கொண்டது. கஞ்சிராவில் முன்பெல்லாம் உடும்புத்தோல்தான். உடும்பு இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிரினம் என்பதால், ‘அசல் உடும்புத்தோல்’ என்று யாராவது காதில் கிசுகிசுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். ஆட்டுத்தோலிலும் செயற்கைத் தோலிலும் இப்போது கிடைக்கிறது.

மிருதங்கம், தபலா வாங்கப் போகிறவர்கள் மேலே சொன்ன மரப் பரிசோதனையை அப்படியே செய்யலாம். தோலின்மேல் இருக்கும் கறுப்பு வட்டமான கரணையில் கண்ணுக்குத் தெரியாத அளவில் நுண்வெடிப்புகள் இருக்கும், இருக்கத்தான் வேண்டும். ஓரத்தில் பெயர்ந்திருந்தாலோ நகம் பட்டு உதிர்ந்தாலோதான் குறை. தபலாவில் பின்னலைச் சுற்றி 16 இடத்திலும் ஒரே சுருதி வருகிறதா என்று கேளுங்கள். மற்றபடி, முதல் மிருதங்கத்தைச் சொல்லித்தருகிறவரைக் கூட்டிக்கொண்டு போய் வாங்குவதுதான் உத்தமம்.

நேரில் பார்க்க முடியாவிட்டால்

விற்பவரிடம் அழகான முன்பக்கப் படம் கேட்காதீர்கள். பாதத்தின் அடிமுகம், உள்ளே வெளிச்சம் விட்டு எடுத்த படம், மேல்வளையம் பக்கவாட்டில் தெரியும் படம், விளிம்பைச் சுற்றி ஒற்றை விரலால் தட்டும் காணொளி, இந்த நாலும் போதும். ‘எங்கேயாவது ஒட்டியிருக்கிறதா?’ என்று எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். பின்னால் பேச்சு வந்தால் அது உதவும்.

பெட்டி வந்ததும் அட்டையைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள், திருப்பி அனுப்ப வேண்டியிருக்கலாம். டார்ச் சோதனையை அன்றே செய்து, சந்தேகமான இடங்களைத் தேதியோடு படம் எடுத்துவையுங்கள். பிறகு சுருதி ஏற்றாமல், வெயிலும் மின்விசிறிக் காற்றும் நேரே படாத மூலையில் மூன்று நாலு நாள் சும்மா விடுங்கள். மரம் உங்கள் வீட்டுக் காற்றுக்குப் பழகட்டும். அப்புறம் அதே இடங்களை மறுபடி டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு எதுவும் நீண்டிருந்தால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் பெட்டியைக் கட்டிவிடுங்கள்.